‘கையுறை – 1 பெட்டி’ என்றால் எந்தக் கையுறை?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் காளான் வித்துக்கூடமோ திசு வளர்ப்புக்கூடமோ தொடங்க நினைப்பவர்களுக்காகத் தங்கள் வேளாண் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். காளான் வித்து வளர்க்கும் சோளத்தை அரைவேக்காடாக வேகவைப்பது, கிலோவுக்கு 20 கிராம் கால்சியம் கார்பனேட் கலப்பது, ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலத்தில்) எவ்வளவு நேரம் வைப்பது என எல்லாமே அளவோடு இருந்தது. தேவைப்படும் பொருட்களின் பட்டியலில் கடைசி வரி மட்டும் ‘கையுறை – 1 பெட்டி’ என்று முடிந்துவிட்டது. அந்த ஒரு வரியை நம்பி, மருந்துக்கடையில் எது கிடைக்கிறதோ அதை வாங்கிப் போகிறவர்கள்தான் அதிகம். பின்னால் பைகளில் பச்சைப் பூசணம் வந்தால் சோளத்தைச் சந்தேகப்படுவார்கள், ஆட்டோகிளேவைச் சந்தேகப்படுவார்கள், லேமினாரின் (வடிகட்டிய காற்று வீசும் வேலை மேடையின்) வடிகட்டியைக்கூட மாற்றிப் பார்ப்பார்கள். கையுறையின் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. இந்தக் கடிதம் அந்தக் கடைசி வரியைப் பற்றியது. பாஸ்டியர் நிறுவனம் 1907 முதல் இயங்கிவரும் குன்னூரில் தடுப்பூசி, மருந்து சார்ந்த வேலைக்குப் போகும் பிள்ளைகளும் உண்டு. அவர்களையும் மனதில் வைத்தே எழுதுகிறோம்.

முதலில் ஒன்று தெளிவாக வேண்டும்: இந்தக் கையுறை யாரைக் காப்பாற்ற? 1890 வாக்கில் அமெரிக்காவில் அறுவைசிகிச்சைக்கு ரப்பர் கையுறை வந்ததே, பாதரச மருந்தில் கை முக்கி முக்கிப் புண்ணாகிப்போன ஒரு செவிலியரின் தோலைக் காப்பாற்றத்தான். நோயாளிக்கும் அதனால் நன்மை என்பது பிறகுதான் தெரிந்தது. காற்றில் தூசியும் கிருமியும் சேராமல் கட்டுப்படுத்தி வைத்திருக்கும் தூய்மை அறையில் கணக்கு தலைகீழ். இங்கே நம் கையிலிருந்து பொருளைக் காப்பாற்றுகிறோம். தோல் நாள் முழுக்கச் செதில் செதிலாக உதிர்கிறது. ஒவ்வொரு செதிலும் கிருமிகளைச் சுமந்துகொண்டு போகிறது. அதைத் தடுக்கப் போடும் உறையே தூள் உதிர்த்தால் போட்டும் பயனில்லை. ஆகவே தூய்மை அறைக் கையுறையைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘கிழியுமா?’ என்பதற்கும் முன்னால், ‘எதை உதிர்க்கும்?’ என்பதுதான்.

பெட்டியின் மேலிருக்கும் சொற்களைப் பார்ப்போம். ‘எக்ஸாமினேஷன்’ என்றிருந்தால் அது நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் டாக்டருக்கும் செவிலியருக்கும் ஆனது. கிருமிநீக்கம் செய்யப்படாதது; சுமார் 240 மி.மீ. நீளம், உள்ளங்கைப் பகுதியில் ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன்; அட்டைப்பெட்டியில் 100 திணித்து வரும். ‘சர்ஜிகல்’ என்றால் வலது இடது தனித்தனியாக வார்த்து, ஒரு ஜோடி ஒரு உறையில், கிருமிநீக்கம் செய்து வரும், தடிமனும் கூடுதல். ‘கிளீன்ரூம்’ கையுறை இவை இரண்டிலிருந்தும் வேறு. அயனி நீக்கிய நீரில் பலமுறை அலசி, தூய்மை அறையிலேயே உலர்த்தி, பாலித்தீன் பைக்குள் பையாக இரட்டை உறையிட்டு அனுப்புவார்கள். நீளம் பெரும்பாலும் 300 மி.மீ. அட்டை அதன் பக்கத்திலேயே வராது. அட்டை என்பது காகித நார்; கையுறையை இழுக்கும்போதெல்லாம் அந்தத் துவாரத்தின் விளிம்பு உரசி நார் உதிரும். ஆடி மாதத்து மூடுபனியில் ஈரம் ஏறிய அட்டையில் பூசணமும் குடியிருக்கும். ‘கிளீன்ரூம்’ என்று பெட்டியில் அச்சடித்திருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே முறையில் தயாரான அந்தத் தொகுதிக்கான பரிசோதனைச் சான்றைக் கேளுங்கள். ஒரு சதுர செ.மீ. பரப்பிலிருந்து 0.5 மைக்ரான், அதற்கு மேற்பட்ட துகள் எத்தனை வெளிவருகிறது என்ற எண் அதில் இருக்கும். அந்தச் சான்றைத் தர முடியாத விற்பனையாளரிடம் அந்த விலை கொடுத்து வாங்க அவசியமில்லை.

‘பவுடர் ஃப்ரீ’ என்ற சொல்லில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். வழக்கத்திலுள்ள தர அளவின்படி, ஒரு கையுறையில் 2 மில்லிகிராம் வரை தூள் மிச்சமிருந்தாலும் அதைப் பவுடர் இல்லாதது என்று விற்கலாம். 2 மில்லிகிராம் கண்ணுக்கே தெரியாது. ஆனால் சோள மாவின் மணி ஒன்று 15 மைக்ரான் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் அது ஏழு லட்சம் மணிகளுக்கு மேல் வரும். லேமினாருக்குள் நாம் எதிர்பார்க்கும் ஐ.எஸ்.ஓ. 5ஆம் வகுப்புக் காற்றில், ஒரு கன மீட்டருக்கு 0.5 மைக்ரான் அளவும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 3,520க்கு மேல் இருக்கக் கூடாது. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பவுடர் போட்ட கையுறையைப் பற்றிப் பேசவே வேண்டாம்; அமெரிக்காவில் 2017 ஜனவரி முதல் மருத்துவத்துக்கே அதைத் தடைசெய்துவிட்டார்கள். மலைக் கடைகளில் இன்னும் கிடைக்கிறது, விலையும் குறைவு. வித்துக்கூடத்துக்கு அது ஆகாது. அந்த மாவு கிருமிநீக்கம் செய்யப்படாதது. பூசண வித்துகளைத் தாங்கி வரும், விழுந்த இடத்தில் அவற்றுக்குச் சாப்பாடும் ஆகும்.

வாங்கிய பெட்டியை வீட்டிலேயே சோதிக்கலாம். சுத்தமான கண்ணாடி டம்ளரில் 50 மி.லி. காய்ச்சி ஆறவைத்த நீர் எடுங்கள். ஒரு கையுறையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி அதில் போட்டு ஒரு நிமிடம் நன்றாக அலசுங்கள். கையுறையை எடுத்துவிட்டு அந்த நீரில் டிங்க்சர் அயோடின் மூன்று சொட்டு விடுங்கள். பக்கத்தில் இன்னொரு டம்ளரில் வெறும் நீரில் அதே மூன்று சொட்டு. வெறும் நீர் வெளிர் மஞ்சளாக நிற்கும். கையுறை அலசிய நீரில் நீலமோ கருநீலமோ இறங்கினால் அது சோள மாவு. ஒரே பெட்டியின் மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று என மூன்று எடுத்துப் பாருங்கள். அடியில்தான் தூள் சேர்ந்திருக்கும். இந்தச் சோதனை மாவுச்சத்தை மட்டுமே காட்டும். கால்சியம் கார்பனேட் போன்ற வேறு தூளைப் பிடிக்க, கறுப்பு அக்ரிலிக் தகட்டையோ கறுப்புக் கண்ணாடியையோ துடைத்து வைத்து, கையுறை போட்ட விரல்களால் மெதுவாக ஒற்றி எடுங்கள். அறையை இருட்டாக்கி டார்ச்சைத் தகட்டோடு தகடாகச் சாய்த்து அடித்தால் வெள்ளைப் புள்ளிகளும் விரல் தடமும் தெளிவாகத் தெரியும். எண்ணெய்ப்பசையாக மங்கலான தடம் விழுந்தால் அது உற்பத்தியில் மிஞ்சிய வேதிப்பொருள். சரியாக அலசவில்லை என்று அர்த்தம்.

இந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் தேர்வு எளிதாகும். கை வடிவப் பீங்கான் அச்சை முதலில் கால்சியம் நைட்ரேட் கரைசலில் முக்குவார்கள். பிறகு ரப்பர் பாலில். பாலோடு கந்தகமும் துத்தநாக ஆக்சைடும், ரப்பர் இறுகுவதை வேகமூட்டும் வேதிப்பொருட்களும் கலந்திருக்கும். சூட்டில் ரப்பர் இறுகும். நடுவில் வெந்நீரில் அலசும்போதுதான் ரப்பர் பாலின் புரதமும் மிஞ்சிய உப்பும் வெளியேறும். அந்த அலசலில் நேரத்தை மிச்சம் பிடித்த தொழிற்சாலையின் கையுறை விலை குறைவாக இருக்கும். அச்சிலிருந்து கழற்றும்போது ஒட்டாமலிருக்க, ஒன்று மாவு போட வேண்டும், இல்லையென்றால் குளோரின் நீரில் முக்கி மேற்பரப்பை வழுக்கலாக்க வேண்டும், அல்லது பாலிமர் பூச வேண்டும். குளோரின் சரியான அளவில் இருந்தால் கையுறை உலர்ந்து வழுவழுவென்றிருக்கும், புரதமும் குறையும். மிஞ்சிப்போனால் மஞ்சளாகி, இழுத்தால் பொட்டென்று அறும். குளோரைடு மிச்சமும் ஒட்டியிருக்கும். பெட்டி திறந்ததும் நீச்சல்குளத்து வாடை தூக்கலாக அடித்தால் அந்தத் தொகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அளவு விஷயத்தில் ‘மீடியம் எல்லாருக்கும் பொருந்தும்’ என்று ஒரே பெட்டி வாங்கி வைப்பது பெரிய தவறு. தையல் டேப்பை எடுத்து, பெருவிரலை விட்டுவிட்டு, விரல் மூட்டுகள் மேலாக உள்ளங்கையைச் சுற்றி அளக்க வேண்டும். அங்குலத்தில் வருகிற எண்தான் சர்ஜிகல் கையுறையின் அளவு. 165 மி.மீ. என்றால் ஆறரை, 178 என்றால் 7, 190 என்றால் ஏழரை. வித்து ஏற்றும் (வித்தைச் சோளப் பைக்கு மாற்றும்) வேலையில் இருக்கும் பெண்கள் பலருக்கு ஆறும் ஆறரையும்தான் பொருந்தும். அவர்களுக்கு 7 கொடுத்தால் விரல் நுனியில் அரை அங்குலம் தொங்கும். அந்தத் தொங்கல் குப்பியின் வாயில் படும், ஃபோர்செப்ஸ் முனையில் மாட்டும். சிறியதைப் போட்டால் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள கவட்டில் முதலில் கிழியும், இரண்டு மணி நேரத்தில் கை மரத்துப்போகும். நீளம் 300 மி.மீ. இருந்தால் நல்லது. 240 மி.மீ. கையுறையில் கையை நீட்டும்போதெல்லாம் சட்டைக் கைக்கும் கையுறைக்கும் நடுவில் மணிக்கட்டுத் தோல் வெளியே தெரியும். அந்த இடைவெளி நேராகத் திறந்த குப்பியின் மேல்தான் இருக்கும்.

இனி கை. மார்கழி, தை மாதங்களில் ஊட்டியில் உறைபனி விழும்போது கை வெடிக்காதவர் இல்லை. வெடித்த கைக்குத் தேங்காய் எண்ணெய், வாசலின், தலைவலிக்கும் சளிக்கும் நீலகிரித் தைலம் என்று மலையில் எல்லார் வீட்டிலும் இருக்கும். இம்மூன்றும் லேட்டக்ஸுக்குப் பகை. இயற்கை ரப்பர் எண்ணெயை உறிஞ்சி உப்பும், பலவீனமாகும், கண்ணுக்குத் தெரியாத துளை பெரிதாகும். தேங்காய் எண்ணெய் பட்ட கையுறையின் விரல் நுனியைப் பத்து நிமிடம் கழித்து இழுத்துப் பாருங்கள். தொளதொளவென்று நீண்டு, பழைய அளவுக்குத் திரும்பாது. நீலகிரித் தைலம் இன்னும் வேகம். அதிலுள்ள பொருட்கள் ரப்பரைக் கரைக்கும் தன்மை கொண்டவை. ஆகவே வேலை நாளில் காலையில் எண்ணெய் எதுவும் தடவக் கூடாது. தடவுவதை இரவு வேலை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பகலில் தேவைப்பட்டால் நீர் சார்ந்த லோஷன், அதுவும் இடைவேளை தொடங்கும்போது. மறுபடி உள்ளே போகும் முன் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும்.

தேயிலைத் தோட்ட வீட்டிலிருந்து வேலைக்கு வருபவர்களுக்கு இன்னொன்று. தேயிலையின் கொப்புள நோய்க்குத் தெளிக்கும் பூசணக்கொல்லியான காப்பர் ஆக்ஸிகுளோரைடு கையில் ஒட்டியிருந்தாலோ, அந்த மூட்டை இருக்கும் கிடங்கிலேயே கையுறைப் பெட்டியையும் வைத்தாலோ ரப்பர் சீக்கிரம் கெடும். ஆக்சிஜனால் ரப்பர் சிதைவதைத் தாமிரம் தூண்டிவிடும். மோதிரம், வளையல், நீண்ட நகம் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. கையில் புண்ணோ வெடிப்போ இருப்பவரை அன்றைக்கு வித்து ஏற்ற விடாமல் வேறு வேலைக்கு அனுப்புங்கள். சம்பளம் வெட்டினால் அடுத்த முறை புண்ணை மறைத்துவிடுவார்கள்.

அணியும் முறையை ஒருமுறை மெதுவாகச் சொல்கிறோம். கையைச் சோப்பால் கழுவி, நார் உதிராத துணியால் ஒற்றி, முழுக்க உலரவிட வேண்டும். ஈரக் கையில் லேட்டக்ஸ் ஒட்டிக்கொள்ளும், ஒட்டினதும் இழுப்போம், இழுத்ததும் கவட்டில் கிழியும். மலைக் குளிரில் கை உலர நேரம் பிடிக்கும், அவசரப்படாதீர்கள். தலைமூடி, முகக்கவசம், மேலங்கி எல்லாம் போட்ட பிறகுதான் கடைசியாகக் கையுறை. பையின் வெளியுறையை உடை மாற்றும் அறையிலேயே கழற்றிவிட்டு உள்பையை மட்டும் உள்ளே கொண்டுபோக வேண்டும். ஜோடி உறையைத் திறந்தால் கையுறையின் மேல்விளிம்பு வெளிப்புறமாக மடிந்திருக்கும். அந்த மடிப்பில் தெரிவது கையுறையின் உள்பக்கம். இடக்கை விரல்களால் அந்த மடிப்பை மட்டும் கிள்ளிப் பிடித்து வலக்கையை உள்ளே நுழையுங்கள். இப்போது உறையிட்ட வலக்கை விரல்களை, இடக் கையுறையின் மடிப்புக்கு அடியில் கொடுத்துத் தூக்குங்கள். அங்கே இருப்பது வெளிப்பக்கம். வெறும் தோல் உள்பக்கத்தையும், உறையிட்ட விரல் வெளிப்பக்கத்தையும் மட்டுமே தொட வேண்டும். பிறகு மடிப்பைப் பிரித்து மேலங்கியின் கைவிளிம்புக்கு மேலாக ஏற்றிவிடுங்கள். சட்டைக் கை கையுறைக்கு உள்ளே இருக்க வேண்டும். வெளியே இருந்தால் கையை உயர்த்தும்போது சட்டைக்குள்ளிருக்கும் காற்று செதில்களோடு மணிக்கட்டு வழியாக வெளியே வரும். ஏற்றியதும் விளிம்பைப் பட்டென்று விட்டுவிடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அந்த ஒரு சுண்டலில் ஒட்டியிருக்கும் தூளெல்லாம் காற்றில் பறக்கும். மெதுவாக விடுங்கள். விரல்களைச் சரிசெய்ய இரு கைகளையும் கோர்த்து அழுத்தினால் போதும். நுனியைப் பிடித்து இழுக்க வேண்டாம்.

மருந்து, தடுப்பூசி நிரப்பும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஜோடி போடுவார்கள். காரணம் எளிமையானது. கையுறைகளின் ஓட்டைச் சோதனையில் தொகுதியை மாதிரி எடுத்துத்தான் பார்க்கிறார்கள். ஏற்புத் தர அளவு 1.5 என்ற தொகுதியில் நூற்றுக்கு ஒன்றிரண்டு ஓட்டை இருந்தாலும் தேறிவிடும். 2.5 என்றால் இன்னும் கொஞ்சம் கூடும். இரண்டு கையுறையிலும் ஒரே விரலில் ஓட்டை இருப்பது அபூர்வம். சந்தேகமுள்ள தொகுதியைச் சோதிக்க, கையுறையில் 1 லிட்டர் நீர் ஊற்றி விளிம்பைக் கட்டித் தொங்கவிட்டு 2 நிமிடம் பாருங்கள். விரல் நுனியிலும் கவட்டிலும் முத்துப்போல் ஒரு துளி கட்டினால் அது ஓட்டை. சோதித்த கையுறையை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

கையுறை போட்டதும் ஸ்பிரிட். 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலை 3 மி.லி. உள்ளங்கையில் விட்டு, விரல் நுனி, விரலிடுக்கு, பெருவிரல், புறங்கை, மணிக்கட்டு என்று 30 விநாடி ஈரம் நிற்கும்படி தேய்க்க வேண்டும். 99 சதவீதத்தில் 707 மி.லி. எடுத்து, காய்ச்சி வடித்த நீர் சேர்த்து 1 லிட்டராக்கினால் 70 கிடைக்கும். ‘கெட்டியாக இருந்தால் இன்னும் நன்றாகக் கொல்லும்’ என்று 99ஐ அப்படியே ஊற்றுவது தவறு; நீர் இருந்தால்தான் கிருமியின் புரதம் உருக்குலையும், ஆவியாவதும் மெதுவாகும். மருந்துக்கடை சர்ஜிகல் ஸ்பிரிட் சிலவற்றில் விளக்கெண்ணெய் போன்றவை சேர்ந்திருக்கும், லேபிளைப் படித்து வாங்குங்கள். ஆல்கஹால், பாசில்லஸ் என்ற பாக்டீரியாவின் உறங்குநிலை வித்துகளைக் கொல்லாது என்பதையும் மறக்கக் கூடாது. சோளப் பையில் புளித்த வாடையும் வழவழப்பும் வந்தால் கையில் இன்னும் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிப் பயனில்லை. கையுறையை மாற்ற வேண்டும், ஆட்டோகிளேவ் நேரத்தையும் பார்க்க வேண்டும்.

அடுத்து வருவது உயிர் சம்பந்தப்பட்டது. காளான், திசு வளர்ப்புக்கூடங்களில் கையுறையும் ஸ்பிரிட் விளக்கும் ஒரே மேடையில் இருக்கின்றன. ஸ்பிரிட் நனைந்த லேட்டக்ஸ் விளக்கருகே போனால் பற்றிக்கொள்ளும். ஆல்கஹாலின் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. சூடு உறைத்த பிறகுதான் பற்றியதே தெரியும், அதற்குள் ரப்பர் உருகித் தோலில் ஒட்டிவிடும். சமவெளியில் சில விநாடியில் உலரும் ஸ்பிரிட், மழைக்கால மலையில் 12, 13 டிகிரி குளிரிலும் மூடுபனி ஈரத்திலும் மெதுவாகத்தான் உலரும். சமவெளியில் பயிற்சி பெற்று வந்தவர்கள் இங்கே இதில்தான் கணக்குத் தவறுகிறார்கள். கையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். விரலிடுக்கில் ஈரப் பளபளப்பு இருக்கும்வரை விளக்கை ஏற்றாதீர்கள். ஸ்பிரிட் குப்பியை மேடையிலிருந்து எடுத்துவிடுங்கள். முடிந்தால் விளக்கையே விட்டுவிட்டு, ஃபோர்செப்ஸையும் கத்தியையும் 250 டிகிரி வரை சூடாகும் சிறு கண்ணாடி மணிகள் நிரம்பிய சூடேற்றியில் சொருகும் முறைக்கு மாறுங்கள். செலவு ஒருமுறைதான். பற்றிவிட்டால் கையை உதறக் கூடாது. ஈரத் துணியால் மூடி அணைத்து, ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். ஒட்டிய ரப்பரை உரிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மேடைக்குக் கீழே ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பருத்தித் துண்டும் எப்போதும் இருக்கட்டும்.

இதனால்தான் விளக்கோடு வேலை செய்யும் திசு வளர்ப்புக்கூடங்கள் சில, கையுறையே இல்லாமல் நன்றாகக் கழுவி ஸ்பிரிட் தேய்த்து உலர்த்திய கையோடு வேலை செய்கின்றன. அதில் குற்றம் காண நாங்கள் தயாரில்லை. அட்டைப்பெட்டியிலிருந்து உருவிய பவுடர் கையுறையைவிடக் கழுவிய கை மேல். தாய் வித்துக்கும் (மற்ற வித்துகளைப் பெருக்கும் மூல வித்து) படுக்கை வித்துக்கும் (காளான் படுக்கையில் இடும் வித்து) கிளீன்ரூம் கையுறைக்கான விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. பவுடர் இல்லாத, ஜோடியாக உறையிட்ட, கிருமிநீக்கம் செய்த சர்ஜிகல் கையுறை தாராளம். ஊட்டி 1 போன்ற மொட்டுக் காளானுக்கான கம்போஸ்ட் கிளறவும் படுக்கை நிரப்பவும் சுத்தமான வீட்டு ரப்பர் கையுறையே போதும். ஊசிமருந்து நிரப்பும் இடத்துக்கு மட்டும் சமரசமே கிடையாது. அங்கே ஏ தர இடத்தில், அதாவது மிக உயர்ந்த தூய்மை வேண்டிய இடத்தில், வேலை செய்தவரின் கையுறை விரல்களைக் கிருமி வளர்ப்புத் தட்டில் ஒற்றி வளர்த்தால் ஒரு கிருமிக் கூட்டம்கூட முளைக்கக் கூடாது.

எப்போது மாற்றுவது? இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அறையைவிட்டு வெளியே வந்தால் உடனே, முகக்கவசத்தையோ மூக்குக்கண்ணாடியையோ தொட்டால் உடனே. உள்ளே வியர்வை சேரும். துளை ஒன்று இருந்தால், ஒவ்வொரு முறை கையை மடக்கும்போதும் அந்த வியர்வை பம்ப் அடித்ததுபோல் வெளியே வரும். அது தோலின் கிருமிகள் நிறைந்த நீர். வியர்வைக்காக உள்ளே பருத்திக் கையுறை போடுவது தவறு, பஞ்சு உதிரும். தொடர் இழை நைலான் அல்லது பாலியெஸ்டர் உள்ளுறை கிடைக்கிறது. பலமுறை ஸ்பிரிட் தேய்த்த லேட்டக்ஸ் பிசுபிசுக்கத் தொடங்கினால் மணியைப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். கழுவி, ஆட்டோகிளேவ் செய்து மறுபடி போடுவது வேண்டவே வேண்டாம்.

ஒவ்வாமை பற்றிப் பழநி மலைக்காரர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். ரப்பர் பாலின் புரதத்துக்கு ஒவ்வாமை உள்ளவர்களில் பலருக்கு வாழைப்பழமும் வெண்ணெய்ப்பழமும் ஒத்துக்கொள்ளாது. புரதங்களின் அமைப்பு அவ்வளவு ஒத்தது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் மலைவாழையும் பட்டர் ஃப்ரூட்டும் வீட்டுக்கு வீடு. ‘பட்டர் ஃப்ரூட் சாப்பிட்டால் உதடு அரிக்கும், தொண்டை நமநமக்கும்’ என்று சொல்பவருக்கு லேட்டக்ஸ் கொடுக்கவே கூடாது. வேலைக்கு எடுக்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். கையுறை போட்ட சில நிமிடங்களில் அரிப்பு, தடிப்பு, தும்மல், இளைப்பு வந்தால் அது புரத ஒவ்வாமை. பவுடர் இருந்தால் மாவோடு புரதம் ஒட்டிப் பறந்து, பக்கத்தில் சும்மா நிற்பவரையும் தாக்கும். ஓரிரு நாள் கழித்துப் புறங்கையிலும் மணிக்கட்டிலும் சொறி வந்தால் அது பெரும்பாலும் வேகமூட்டி வேதிப்பொருளால். முதல் வகைக்கு, செயற்கை ரப்பரான நைட்ரைலுக்கு மாறினால் தீரும். இரண்டாம் வகைக்குச் சாதாரண நைட்ரைலும் உதவாமல் போகலாம், ஏனென்றால் அதிலும் அதே வேதிப்பொருட்கள் இருக்கக்கூடும். வேகமூட்டி இல்லாதது என்று கேட்டு வாங்க வேண்டும். மூச்சு இழுத்தாலோ முகம் வீங்கினாலோ கொஞ்சம் பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள். மலைப்பாதையில் மருத்துவமனை எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும்.

எண்ணெய், பெட்ரோலிய கரைப்பான் புழங்கும் வேலைக்கு லேட்டக்ஸ் வேண்டாம், நைட்ரைல்தான்.

வைத்துக்காக்கும் விஷயத்தில் மலைக் குளிர் நமக்கு நண்பன், ஈரமும் ஓசோனும் எதிரிகள். லேமினாரின் புற ஊதா விளக்குக்குக் கீழே கையுறைப் பையைத் திறந்து வைத்து ‘கிருமி சாகட்டும்’ என்று விடுபவர்கள் உண்டு. சாவது ரப்பர். மடிப்பு விளிம்பில் மயிரிழை போல வெடிப்புகள் தெரிந்தால் அதுதான். மோட்டார், ஜெனரேட்டர், வெல்டிங் பக்கத்திலும் வைக்கக் கூடாது. தை மாதம் கிடங்கில் விறைத்துக் கிடந்த பையை எடுத்துவந்து வெதுவெதுப்பான அறையில் உடனே பிரித்தால் உள்ளே பனித்துளி கட்டும். முந்தைய நாளே கொண்டுவந்து பிரிக்காமல் வைத்துவிட்டு மறுநாள் பிரியுங்கள். தரையிலிருந்து ஓரடி உயரம், சுவரிலிருந்து அரையடி இடைவெளி, பழைய தொகுதி முன்னால்.

கழற்றும்போது ஒரு கையின் மணிக்கட்டுப் பக்கம் வெளிப்புறத்தைக் கிள்ளி, உள்ளே வெளியாகத் திருப்பி உரித்து, அதை மற்றக் கையில் சுருட்டிப் பிடித்து, இரண்டாவதை அதன் மேலேயே உரியுங்கள். ஒரு சிறு உருண்டையாக வரும். மருத்துவமனையில் அது 2016ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி சிவப்புப் பைக்குப் போகும். வித்துக்கூடத்தில் அப்படி ஒரு பை கிடையாது; பலர் தெருவோரத் தொட்டியில் போடுகிறார்கள், சிலர் பின்புறம் கொளுத்துகிறார்கள். கொடைக்கானலிலும் குன்னூரிலும் காட்டுமாடு தொட்டியைக் கிளறுவதை எல்லாரும் பார்க்கிறோம். மூடியுள்ள வாளியில் சேர்த்து, வாரம் ஒருமுறை கட்டி, உலர் கழிவாகத் தனியே நகராட்சி அல்லது ஊராட்சி வண்டியில் கையில் கொடுங்கள். வண்டி வராத ஊரில், வரும் ஊர் வரைக்கும் கொண்டுபோய்க் கொடுங்கள்.

இப்படிக்கு,
தூய்மை அறைப் பணியிலும் பயிற்சியிலும் உள்ள சிலர்,
குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல்.